மூன்றாவது வளைவில் ஒரு நேர்ஜாயிண்ட்

போன மாதம் ஒரு காலை, தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது வித்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பட்டறையில் இப்போது என் பொறுப்பைப் பார்ப்பவள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பேச்சில் பாதி இந்தி, கால்வாசி இங்கிலீஷ், மிச்சம் இருக்கிற இடத்தில் தமிழ்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வால்ல ஒரு கல்தி இருக்கு."

கல்தி என்றால் இந்தியில் தப்பு. வால் என்று அவள் சொன்னது இங்கிலீஷ் சுவரை. எனக்கு வால் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும் என்று வேறொரு நாளாக இருந்தால் அவளை வாரியிருப்பேன். அன்று நேராக எந்தச் சுவர் என்று கேட்டேன். மலை ரயில் பாலம், மூன்றாவது வளைவு, கைப்பிடிச் சுவருக்குக் கீழ்வரிசை என்றாள். மாவுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

எங்கள் பட்டறை பொருட்காட்சிகளுக்கு ரயில் மாடல்கள் செய்து கொடுப்பது. இன்ஜின், பெட்டி, சிக்னல் எல்லாம் வேறு ஆட்கள் செய்வார்கள். கல்யாணமான புதிதில் சேர்ந்து தலை நரைக்கும்வரை நான் செய்தது கல் சுவர். பாலத்துச் சுவர், சுரங்க வாசல் சுவர், மலைச்சரிவு சரியாமல் தாங்கிப் பிடிக்கிற சுவர், பிளாட்பாரச் சுவர். ஒரு ஆள் புளியங்கொட்டை உயரம் இருக்கிற உலகம் அது. சுவர் என் முழங்கை உயரம் வந்தாலே அது பெரிய பாலம்.

முன்பெல்லாம் ஜனங்கள் கம்பிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். இப்போது புதுக் கூடத்தில் இன்ஜின் மூக்கில் பொட்டு மாதிரி ஒரு கேமராவை ஒட்டிவிட்டார்கள். பாலத்துக்கு எதிரே வளைந்து திரும்பும் பாதையில் ரயில் ஓட ஓட, அது பார்ப்பதெல்லாம் பெரிய திரையில் வருகிறது. துவரம் பருப்பு அளவுக் கல் திரையில் அம்மிக்கல் அளவு தெரிகிறது. வித்யாவுக்கும் அப்படித்தான் அந்தக் கல்தி கண்ணில் பட்டிருக்கிறது. நேர்ஜாயிண்ட்.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சுவரில் ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழே இருக்கிற இரண்டு கற்களின்மேல் உட்கார வேண்டும். கீழே இரண்டு கல் சேருகிற கோட்டுக்கு நேர் மேலே, மேல்வரிசையிலும் இரண்டு கல் சேர்ந்தால் அந்தக் கோடு நீண்டுகொண்டே போகும். நிஜச் சுவராக இருந்தால் அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்கும், அந்த வழியாகத்தான் சுவர் வாய் பிளக்கும். கொத்தனாரானாலும் எங்களைப் போன்ற பொம்மைக் கொத்தனாரானாலும் இதைச் செய்தால் மானக்கேடு.

வித்யா மரியாதைக்குத்தான் கேட்டாள். இரண்டு மூன்று கல்லை எடுத்து மாற்றி வைத்தால் முடிந்தது, செய்யட்டுமா என்றாள். தாராளமாகச் செய் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். தொழில் புத்தி அப்படிச் சொல்ல வைத்துவிட்டது. அப்புறம் தோசை ஊற்றினேன், தின்ன முடியவில்லை. அந்த மூன்று கல்லும் நான் வைத்ததில்லை. என் வீட்டுக்காரர் வைத்தவை. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. மந்திரி அலுவலகத்தில் கோப்பு தள்ளிய மனுஷன், வீட்டில் ஒரு ஆணி அடித்ததில்லை. இந்த உலகத்தில் அவர் கையால் செய்து மிச்சமிருப்பது அந்த மூன்று கல்தான்.

உடனே வித்யாவைத் திருப்பிக் கூப்பிட்டேன். தொடாதே, நானே வருகிறேன் என்றேன். நான் போனதும் அங்கே நடந்ததும் அவளுக்குத் தெரியும். ஆனால் முன்கதை தெரியாது. என் வீட்டுக்காரர் வைத்த கல் என்று மட்டும்தான் அவளிடம் சொன்னேன். அதனால் எழுதித் தருகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அவள் அம்மா படித்துச் சொல்லட்டும்.

நான் அந்தப் பட்டறைக்கு டைப்பிஸ்டாகப் போனவள். மதுரையில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, கல்யாணமாகி தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். கரோல் பாக் பக்கம் ஒரு பழைய தகரக் கொட்டகைதான் பட்டறை. ஒரு நவராத்திரிக்கு ஆபீஸ் ஆட்களைக் கொலுவுக்குக் கூப்பிட்டிருந்தேன். கொலுவுக்குப் பக்கத்தில் செங்கல் துண்டை உடைத்து ஒரு மலையும் படிக்கட்டும் சின்னச் சுவரும் கட்டியிருந்தேன். எல்லாரும் சுண்டலைத் தின்றுவிட்டுப் போனார்கள். சுவர் வேலைக்குப் பொறுப்பான ஓம்பிரகாஷ் ஜி மட்டும் தரையில் மண்டிபோட்டு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் என் டைப்ரைட்டர் வேறு ஒருத்தர் மேஜைக்குப் போய்விட்டது. பயிற்சி அது இது என்று ஒன்றும் கிடையாது. இரண்டு வருஷம் நான் கட்டியதையெல்லாம் அவர் பிரித்தார், அவ்வளவுதான்.

ஓம்பிரகாஷ் ஜி அம்பாலாக்காரர். ஆறடி உயரம், பெரிய மீசை, குரல் மட்டும் எலிக்குஞ்சு. சுவரை நின்றுகொண்டு பார்க்கவே மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முகவாயை மேஜைமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். சுவருக்கு முன்னால் நிற்கிற புளியங்கொட்டை மனுஷனுக்கு என்ன தெரியுமோ அதுதான் தனக்கும் தெரிய வேண்டும் என்பார். அப்படியே இருந்தபடி ஒரே கேள்வி கேட்பார். மழை வந்தால்? பொருட்காட்சிக் கூடத்துக்குள் ஏதய்யா மழை என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். அவர் விடமாட்டார். மலைத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கினால் எந்த ஓட்டை வழியாக வெளியே வரும், அந்த ஓட்டைக்குக் கீழே கறை எப்படி வழிந்திருக்கும், எந்தக் கல் முதலில் பாசி பிடிக்கும், எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். பதில் பிடித்திருந்தால் "சலேகா" என்பார், ஓடும் என்று அர்த்தம். அதற்குமேல் பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. பிடிக்கவில்லை என்றால் "தேக்தே ஹைன்", பார்க்கலாம். அந்தப் பார்க்கலாமுக்குப் பயந்தே பல பேர் டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கல்லை நிஜக் கல்லில் செய்யக் கூடாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நிஜக் கல்லைத் துணுக்காக உடைத்து ஒட்டினால் அது ஜல்லி ஒட்டின மாதிரி இருக்குமே தவிர, சுவர் மாதிரி இருக்காது. கல்லை நாம் சின்னதாக்கலாம், அதன் மினுமினுப்பு சின்னதாகாது. எங்கள் கல் முட்டை அட்டையில் பிறந்தது. கடையில் முட்டை அடுக்கி வைக்கிற அந்தச் சாம்பல் நிற அட்டைதான். அதைப் பசைத் தண்ணீரில் ஊறப்போட்டு, துணிக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக் காயவைத்தால் சொரசொரப்பு சரியாக வரும். பட்டை பட்டையாக வெட்டி, பட்டையைக் கல் கல்லாக நறுக்கி, ஒவ்வொரு கல்லுக்கும் நாலு மூலையையும் நகத்தால் கொஞ்சம் மழுக்க வேண்டும். ஓம்பிரகாஷ் ஜி சுத்த சைவம். முட்டைக்காரனிடம் வெறும் அட்டை மட்டும் வாங்கி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வருவார். ஒரு தடவை அவர் மனைவி கண்ணில் பட்டு வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. இத்தனை முட்டை எவளோடு தின்கிறாய் என்று கேட்டாளாம். அதை அவரே வந்து சொல்லி, தானே வெட்கப்பட்டார்.

வளைவைப் பிளைவுட்டில் அறுத்து, அதன்மேல் கீழிருந்து மேலாகக் கல்லை ஒட்ட வேண்டும். பெரிய கல் கீழே, போகப்போகச் சின்னது. எல்லாம் ஒட்டிக் காய்ந்ததும் சாக்பீஸ் தூளும் பிளாஸ்டரும் தண்ணியாகக் கரைத்து இடுக்கில் தேய்த்து, ஈரத்துணியால் மேலே துடைத்துவிட்டால் சுண்ணாம்புப் பூச்சு வந்துவிடும். நிறம் கடைசி. மழைக்கறைக்கு என்ன போட்டும் அவருக்குத் திருப்தி வரவில்லை. ஒருநாள் வீட்டிலிருந்து காப்பி இரண்டாம் டிகாக்ஷனை ஒரு பாட்டிலில் கொண்டுபோய், தண்ணீர் ஓட்டைக்குக் கீழே சொட்டவிட்டேன். முகவாயை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். "சலேகா" என்றார். அன்று சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் நானாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதும் ஒன்று உண்டு. கல் என்கிற வார்த்தை. நான் ஒட்டும்போது எனக்கு நானே கல் எங்கே, அந்தக் கல்லைக் காணோமே என்று முனகிக்கொண்டிருப்பேன். கேட்டுக் கேட்டு அவரும் அந்த முட்டை அட்டைத் துணுக்குகளைக் கல் என்றே சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் பட்டறையே சொல்ல ஆரம்பித்தது. பஞ்சாபி, பீகாரி எல்லாரும் கல் லாவோ, கல் தோ என்பார்கள், கொண்டு வா, கொடு என்று. இந்தியில் கல் என்றால் நாளை. நேற்றும் அதேதான். எங்கள் பட்டறையில் மட்டும் அது கல்.

என் வீட்டுக்காரருக்கு இது தீராத வேடிக்கை. பாலு என்று பெயர். எதைக் கேட்டாலும் தள்ளிப்போடுகிற மனுஷன். காஸ் புக் பண்ணுங்க என்றால் கல், மகளுக்குச் செருப்பு என்றால் கல். "ஏங்க, உங்க கல்லையெல்லாம் சேத்து வெச்சிருந்தா நான் இந்நேரம் கோட்டையே கட்டியிருப்பேன்" என்று நான் திட்டுவேன். சிரிப்பார். கோபமே வராத ஜென்மம். எனக்கு வருகிற கோபத்துக்கு அப்படி ஒரு ஆள்தான் சரி என்று மதுரையிலிருந்து என் அம்மா எழுதுவாள்.

சிம்லா மலை ரயில் பாதையில் வரிசை வரிசையாகக் கல் வளைவுப் பாலங்கள் இருக்கின்றன. தில்லியில் இருக்கிறவர்கள் ஜூன் மாத வெயிலுக்கு அங்கே ஓடாமல் இருக்க மாட்டார்கள். நான் போனதே இல்லை. அந்தப் பாலங்களில் ஒன்றை மூன்று வளைவோடு மாடல் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. எட்டு மாதம் புகைப்படத்தை வைத்துக்கொண்டே கட்டினேன். கனவில்கூட அந்தப் பாலம் வரும், நான் மட்டும் அதில் இருக்க மாட்டேன். அந்த வருஷம் பாலு என்ன நினைத்தாரோ, யாரும் நச்சரிக்காமலே போய் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். மகளைக் கரோல் பாக்கில் இருந்த நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் நம்பவில்லை. டிக்கெட்டைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில். சுவர் வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வியாழனன்று ஓம்பிரகாஷ் ஜி மேஜையில் முகவாயை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, பார்க்கலாம் என்றார். கல்லெல்லாம் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் மாதிரி இருக்கிறதாம். எனக்கு வந்ததே கோபம். எட்டு மாதம் பார்த்தீர்கள், இன்னும் என்ன பார்க்கலாம் என்று கேட்டுவிட்டு, லீவு லெட்டரை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டி கட்டும்போது மனசு கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டால் என்ன செய்வது? பக்கத்து வீட்டிலிருந்து போன் போட்டேன். சுவரை நாளைக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். என் இந்தியில் அன்றும் சரி இன்றும் சரி, கோ, கா, கீ எல்லாம் ஒன்றுதான். "தீவார் கா கல் நிகால் தீஜியே" என்று சொல்லிவிட்டேன். "தீவார் கோ" என்று சொல்லியிருந்தால் சுவரை நாளை அனுப்புங்கள் என்று அர்த்தம். "தீவார் கா கல்" என்றால், எங்கள் பட்டறை இந்தியில், சுவரில் இருக்கிற கல். நிகால் என்பது வெளியே அனுப்பவும் ஆகும், பிடுங்கி எடுக்கவும் ஆகும். ஓம்பிரகாஷ் ஜி டீக் ஹை என்றார், சரி என்று.

பிறந்ததிலிருந்து இந்தி பேசுகிற மனுஷன், கல் என்றதும் நாளை என்று நினைக்கவில்லை. என் கல்லைத்தான் நினைத்திருக்கிறார். மீனா ஜி நேற்றுக் கோபித்துக்கொண்டு போனாள், இன்று யோசித்துப் பார்த்துத் தப்பை ஒத்துக்கொண்டாள், கல்லை எடுத்துவிடச் சொல்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஆட்டோவை நிறுத்தச் சொல்லி உள்ளே போனேன். ஓம்பிரகாஷ் ஜி ஈரத்துணியும் இடுக்கியுமாக உட்கார்ந்திருந்தார். முதல் வளைவு மொட்டைப் பிளைவுட். மூன்றாவது வளைவும் மேலிருந்து பாதி மொட்டை. எவர்சில்வர் தட்டு நிறையக் கல். ஒரு கல்கூட உடையாமல் எடுத்திருந்தார். அதை வேறு பெருமையாகக் காட்டினார்.

நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மதுரைத் தமிழில்தான் கத்தியிருக்கிறேன், அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. சத்தம் கேட்டுப் பாலு உள்ளே வந்தார். அவர்தான் இரண்டு பேரையும் உட்கார வைத்து, யார் என்ன சொன்னது என்று கேட்டு, கடைசியில் விஷயத்தைப் பிடித்தார். பிடித்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓம்பிரகாஷ் ஜிக்கு விஷயம் விளங்கியதும் முகம் செத்துவிட்டது. அந்த ஆறடி ஆள் ஸ்டூலில் குறுகி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. நீங்கள் ரயிலுக்குப் போங்கள், நான் கட்டிக்கொள்கிறேன் என்றார். நாளைச் சாயங்காலத்துக்குள் ஒருத்தரால் கட்ட முடியாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் பாலுவைப் பார்த்தேன். வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"நீ உக்காரு மீனா. மலை எங்கிட்டும் ஓடிப்போகாது" என்றார் பாலு. போய் ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார்.

அவர் பட்டறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை, கடைசியும் அதுதான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நான் என்ன செய்யணும் என்று கேட்டார். தட்டிலிருந்த கல்லைப் பெரிசு, நடுத்தரம், சின்னது என்று பிரிக்கச் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கக்கூட உட்காராத மனுஷன், அன்று சாயங்காலமும் மறுநாள் காலையிலிருந்து மத்தியானம் தாண்டியும் குனிந்த தலை நிமிராமல் கல் பொறுக்கினார். நான் மூன்றாவது வளைவையும் ஓம்பிரகாஷ் ஜி முதல் வளைவையும் கட்டினோம். அவர் கைக்குக் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே பாலு அவரிடம் அம்பாலா, வெங்காய விலை, பென்ஷன் என்று ஊர்க்கதை பேசினார். இத்தனை வருஷம் அந்த மனுஷனோடு வேலை பார்த்தும் அவருக்கு ஒரு மகன் இருந்து சின்ன வயசிலேயே போனது எனக்குத் தெரியாது. பாலுவிடம் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார். நடுநடுவே எனக்கு வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிட்டுப் போவார் பாலு. என் கை பசையாக இருந்தது, அதனால். எல்லார் முன்னாலும். எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், ஒரு முழு நாள் நான் செய்வதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். இதுக்குத்தான் நீ தினமும் லேட்டா வர்றியா என்று கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

கடைசி வரிசை வந்தது. நானும் ஒரு கல் வைக்கவா என்றார். வையுங்கள் என்றேன். ஒன்று வைத்தார். ருசி கண்டுவிட்டது, இன்னும் இரண்டு வைத்தார். நான் சுண்ணாம்புப் பூச்சு கரைக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நடுவில் பட்டை மாதிரி ஒரு நேர்ஜாயிண்ட். வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. பாலு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற முகத்தைப் பார்த்தேன். மகள் பிறந்த அன்று அவர் அப்படி நின்றது ஞாபகம் வந்தது. ஓம்பிரகாஷ் ஜி சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, முகவாயை வைத்து, ஒரு கண்ணை மூடினார். அந்த இடத்தில் அவர் பார்வை நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. நிமிர்ந்து, "சலேகா" என்றார். சுவரோடு வண்டியில் அவரே ஏறிக்கொண்டார். நான் போய்ப் பொருத்துகிறேன், நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போங்கள் என்றார்.

அவசரத்தில் விட்டுவிட்டார், எங்கள் ரயிலைக் கெடுத்த குற்ற உணர்ச்சியில் வாயை மூடிக்கொண்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கேட்கவில்லை. அவரும் ஓய்வு பெற்று அம்பாலா போனார். ஒரு குளிர்காலத்தில் அவர் போய்விட்ட செய்தி வந்தது.

அதன் பிறகும் நாங்கள் சிம்லாவுக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் மாமியார் படுக்கையில் விழுந்தார். அப்புறம் மகள் பரீட்சை, அப்புறம் வீடு மாற்றம், அப்புறம் அவர் நெஞ்சு வலி. டாக்டர் மலை ஏறக் கூடாது என்றுவிட்டார். பெங்களூரிலிருந்து மகள் இப்போதும் கூப்பிடுகிறாள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் அம்மா என்கிறாள். எனக்கு மலை வேண்டாம். அந்தச் சனிக்கிழமை திரும்ப வேண்டும். தட்டு நிறையக் கல்லும், எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிற அவரும், அந்தப் பிஸ்கட்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை. அதுதான் கிடைக்காது.

சரி. போன மாதம் புதுக் கூடத்துக்குப் போனேன். மெட்ரோவில் போகும்போதே தீர்மானம் செய்துவிட்டேன். தப்புச் சுவர் தப்புச் சுவர்தான். திரையில் ஊரே பார்த்துச் சிரிக்கும்படி அவர் கல் இருக்கக் கூடாது. என் கையாலேயே எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன், அந்த இடத்தில் ஒழுங்காகக் கல் வைத்துக்கொடுத்துவிடுகிறேன். டப்பாவும் கொண்டுபோயிருந்தேன், பெருங்காய டப்பா.

வித்யா எனக்கு நாற்காலி போட்டாள். ஈரத்துணியை அந்த இடத்தில் வைத்துக் காத்திருந்தோம். வெள்ளைப் பசை தண்ணீர் பட்டால் இளகிவிடும். இடப்பக்கம் இருந்த என் கல்லை முதலில் எடுத்துப் பார்த்தேன். சமர்த்தாக வந்தது. வலப்பக்கக் கல்லும் வந்தது. பாலுவின் கல்லைப் பிடித்தேன். அசையவில்லை. இன்னொரு தடவை துணி வைத்தோம். அசையவில்லை. வித்யா வாங்கிப் பார்த்தாள். அவள் கை என் கையைவிட நிதானம். அவளுக்கும் வரவில்லை.

"மேடம், இது வரவே மாட்டேங்குது. பீச்சே சே பாக்கலாமா?"

பீச்சே என்றால் பின்னால். பாலத்தைத் திருப்ப முடியாது. பின்பலகையை மட்டும் கழற்றி, அவள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். நான் குனிந்து பார்த்தேன். மூன்று கல்லுக்கும் நேர் பின்னால், பிளைவுட்டில் மூன்று துளை. ஊசித்துளை அளவுதான். மூன்றிலும் மஞ்சளாக, கண்ணாடி மாதிரி இறுகிப்போன பசை.

இரண்டு டியூபைக் கலந்து போடுகிற இரும்புப் பசை அது. இன்ஜின் சக்கரத்துக்குப் போடுவது. பட்டறையில் அதை வைத்திருந்தது ஒரே ஆள்தான். விலை அதிகம் என்று மேஜை டிராயரில் பூட்டி வைத்திருப்பார். தீக்குச்சியால் கலப்பார்.

நேர்ஜாயிண்ட் என்றால் ஒரு தீப்பெட்டி அளவுச் சுவரைக்கூடப் பிரித்துப் போடுகிற மனுஷன். சுவரைத் தனியாகக் கொண்டுபோனார். யாரும் பார்க்கவில்லை. அந்த மூன்று கல்லையும் எடுத்துச் சரியாக வைக்க அவருக்குப் பத்து நிமிஷம் போதும், எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவே தெரியாது. அதைச் செய்யாமல் பின்னாலிருந்து துளை போட்டிருக்கிறார். தண்ணீர் பட்டாலும் விழாதபடி, பின்னால் வருகிற யாரும் எடுக்க முடியாதபடி, ஒவ்வொரு கல்லாக, மூன்று துளை.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வித்யா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு ஒன்றுமில்லை. அழுகைதான் வந்தது. பாலு போனபோது வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் சரியாக அழவில்லை, அதுவும் சேர்ந்து வந்தது. இரண்டு பேரில் ஒருத்தர் இருந்தால்கூடப் போதும், இன்னொருத்தரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் இல்லை.

வித்யா பாவம், வளைவையே புதிதாக அறுத்துச் செய்துவிடலாம், ஒரு வாரம் போதும் என்று சமாதானம் சொன்னாள். நான் எடுத்த இரண்டு கல்லையும் பழையபடியே ஒட்டிவிடச் சொன்னேன்.

"திரையில தெரியுமே மேடம்."

"தெரியட்டும். எங்க வீட்டுக்காரர் வெச்ச கல்லு."

அவள் வேறொன்றும் கேட்காமல் ஒட்டினாள். பலகையை மூடினாள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரயிலை ஓட்டினாள். இருட்டுக் கூடத்தில் திரையில் வெளிச்சம் வந்தது. சுரங்கம் வந்தது, சரிவுச் சுவர் வந்தது, முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவில் என் உயரத்துக்கு மூன்று கல் வந்து, எதிரே நின்று, இடப்பக்கமாக நகர்ந்து போய்விட்டன.

"இன்னொரு தடவை ஓட்டு" என்றேன்.